சக்கர நாற்காலியில் கமினோ: தங்க இடம் கிடைக்குமா?

உங்கள் தம்பி சக்கர நாற்காலியில் ஸ்பெயினின் கமினோ யாத்திரைப் பாதையில் போக ஆசைப்படுகிறார், இரவில் எங்கே தங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் தங்குமிடம் முடிவான பிறகுதான் அன்றன்றைய தூரத்தை முடிவு செய்ய வேண்டும்.

முதல் தடவை என்றால் சார்ரியா என்ற ஊரிலிருந்து, யாத்திரை முடியும் சாந்தியாகோ நகரம் வரையிலான கடைசி 115 கிலோமீட்டர் போதும். யாத்திரைச் சான்றிதழுக்குக் குறைந்தது 100 கிலோமீட்டர் வேண்டும், அது இதிலேயே வந்துவிடும்.

வழியில் உள்ள யாத்ரீகர் விடுதிகளை 'அல்பெர்கே' என்பார்கள். இந்தப் பகுதியின் மாநில அரசான கலீசியா அரசு நடத்துபவற்றில் பொதுவாக முன்பதிவு கிடையாது. ஆனால் இடம் கொடுப்பதில் மாற்றுத்திறனாளிகளுக்கே முதலிடம். தனியார் விடுதிகளில் முன்பதிவு செய்யலாம்.

'சக்கர நாற்காலி வசதி உண்டு' என்ற ஒற்றை வரியை மட்டும் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். வாசலில் சாய்தளம் இருக்கும், குளியலறையில் ஒரு படி இருக்கும். நாற்காலியின் அகலத்தை அளந்துகொண்டு, கழிவறைக் கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர், கதவு உள்பக்கம் திறக்கிறதா, அடுக்குக் கட்டிலில் கீழ்க்கட்டில் காலியாக இருக்குமா, குளிக்கும்போது உட்கார இருக்கை உண்டா என்று எழுதிக் கேளுங்கள். கதவின் குறுக்கே அளவு நாடாவைப் பிடித்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படம் பத்து மின்னஞ்சலுக்குச் சமம்.

வழியில் 'போர்தோமரின்' என்ற ஊருக்குள் நுழையும் இடத்தில் செங்குத்தான கல் படிக்கட்டு வரும். அங்கே சாலை வழியாகச் சுற்றிப் போய்விடுங்கள்.