துபாயில் கம்பனி: சமாதான நீதவானின் முத்திரை போதாது

வணக்கம். சமாதான நீதவான் உறுதிப்படுத்திய கம்பனிப் பதிவுச் சான்றிதழ்ப் பிரதியைத் துபாய் முகவர் திருப்பி அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் செய்தது சரிதான். ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்க வழிசெய்யும் 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் ஐக்கிய அரபு அமீரகம் சேரவில்லை. ஆகவே ஒரே முத்திரையில் காரியம் முடியாது.

கம்பனிப் பதிவாளரிடமே சான்றுப்படுத்திய பிரதி எடுங்கள். அதன்மேல் இலங்கை வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, பிறகு கொழும்பிலுள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரக வெளிநாட்டமைச்சு என்று வரிசையாக உறுதிப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது; இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் புறப்படுமுன், கம்பனி ஆவணங்களை அங்கே ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள். அரபு மொழிபெயர்ப்பை இறுதியில் துபாயிலேயே செய்யுங்கள், முத்திரைகளையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை, உங்கள் சார்பில் இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம்தான். "எல்லா அலுவல்களையும் பார்க்க" என்ற பொதுவான வாசகத்தை நம்பாதீர்கள். கம்பனியைப் பதிய, ஒப்பந்தங்களில் கையொப்பமிட, வங்கிக் கணக்குத் திறக்க என்று ஒவ்வோர் அதிகாரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். நொத்தாரிசிடம் போகுமுன் வரைவை முகவருக்குக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். பெயரையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுமையாக இருக்க, கம்பனிப் பத்திரத்தில் தலைப்பெழுத்து மட்டும் இருந்தால் வங்கியில் கேள்விமேல் கேள்வி வரும்.