மாடும் கறியும்: கால்நடை மருத்துவர் பதில்கள்

பெருந்துறை: ஐயா, கறிக்கென்று மாடு வளர்த்தால் லாபம் வருமா? விலை ஏறுமா?

கறிக்கென்று வளர்க்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் கறிக்கே மந்தை வளர்க்கிறார்கள். இங்கே கறி பாலுக்கு வால். கறவை வற்றிய எருமை, ஏர் நின்ற எருது, வேண்டாத கிடாக் கன்று, இவைதான் கறிக்குப் போகின்றன. நாட்டிலிருந்து ஏற்றுமதியாவது எலும்பு நீக்கிய எருமைக் கறி; பசு, எருது, கன்றுக் கறிக்கு ஏற்றுமதித் தடை. எருமையோ தமிழ்நாட்டில் 2012இல் 7.8 லட்சம், 2019 கணக்கெடுப்பில் 5.2 லட்சம். ஏற்றுமதி பெருகினாலும் பலன் எருமை அதிகமுள்ள உத்தரப் பிரதேசத்துக்குத்தான். இப்போது பெரும்பாலும் கிடேரிக் கன்றாகவே பிறக்க வைக்கும் சினை ஊசி வேறு பரவுகிறது. கிடாக் கன்று இனியும் குறையும். பால் விலையைக் கவனியுங்கள், கறி அதன் பின்னால் வரும்.

பொள்ளாச்சி: கேரளா கறிக்கு மாடு வாங்காவிட்டால் சந்தை படுத்துவிடுமா?

படுத்துவிடும். கழித்த மாட்டை விற்ற காசுதான் அடுத்த கிடேரிக்கு முன்பணம். 2017 மே மாதம், சந்தையில் வெட்டுக்கு மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டபோது பயந்தது இதற்குத்தான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை நிறுத்திவைத்தது. விதியை நிறுத்திவைத்த அந்த உத்தரவை ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க நீட்டித்தது.

வெள்ளக்கோயில்: காங்கேயம் மாட்டை அழித்ததே கறிக்கடைதானே?

இல்லைங்க. அழித்தது டிராக்டர். ஏரும் வண்டியும் போன பின் காளையை யார் கட்டுவார்கள்? கொறங்காட்டை, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காட்டை, உழுது மனை போட்டதும் நாம்தான். அங்கே மேய்ந்த கொழுக்கட்டைப் புல் போன இடத்தில் தீனி விலைக்கு வாங்க வேண்டும்.

வெள்ளக்கோயில், மறுபடி: எங்கள் ஊரில் இன்னும் ஜோடி கட்டுகிறோம், ஐயா!

கட்டுங்கள், சந்தோஷம். ரேக்ளா பந்தயத்துக்கும் கௌரவத்துக்கும் ஊருக்கு எத்தனை ஜோடி வேண்டும்? வேலைக்கு ஆகாத காளைக் கன்றை நீங்களே என்ன செய்கிறீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

அந்தியூர்: வெள்ளக்கோயில்காரர் சொல்வதும் சரிதானே? கறிக்கடை இல்லாவிட்டால் விற்க மாட்டார்களே?

விற்காமல் விட்டால் தெருவில் திரியும். வடக்கே போய்ப் பாருங்கள்.

சத்தியமங்கலம்: விலை ஏறுமா?

மேலே பெருந்துறைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோபி: சந்தையில் மாடு பிடிக்கப் போகிறேன், என்ன பார்க்க வேண்டும்?

பல். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் முன் வாயைத் திறந்து பாருங்கள். கொம்பைச் சீவி எண்ணெய் தடவினால் எட்டுப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்த வயதான மாடும் ஆறு பல் இளம் மாடு மாதிரி நிற்கும். கோமாரி ஊசி போட்டார்களா என்றும் கேளுங்கள்.

தாராபுரம்: மாட்டுக்கு அம்மை, என்ன மருந்து?

உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், இன்றே.