பழைய அம்பாசடரின் டேப்பட் கவருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாமா?

தாராளமாக அடிக்கலாம். பவுடர் கோட்டிங்குக்கு வெளியே கொடுக்கலாமா, குரோம் பூசலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் என்பதால் அதன் டேப்பட் கவர், அதாவது எஞ்சினின் மேலே வால்வுகளை இயக்கும் பாகங்களை மூடியிருக்கும் மூடி, வார்ப்பு அல்ல, அச்சில் அழுத்திய இரும்புத் தகடு. மேலே இரண்டு நட்டு, அடியில் ஒரு கார்க் பேக்கிங், அவ்வளவுதான். எங்கள் வீட்டு அம்பாசடருக்கு நானே செய்திருக்கிறேன்.

டேப்பட் கவரில் பெயிண்ட் உரிவதற்கு மட்டமான பெயிண்ட் காரணமாக இருப்பது அபூர்வம். தகட்டில் ஊறிக்கிடக்கும் ஆயில்தான் காரணம். அதனால் வேலையின் பெரும்பகுதி ஆயிலை எடுப்பதில்தான் போகவேண்டும். எஞ்சின் ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கவரைத் தூக்குங்கள். திறந்துகிடக்கும் ராக்கர்களை (வால்வுகளை அழுத்தித் திறக்கும் கைகளை) நூல் பிரியாத சுத்தமான துணியால் மூடுங்கள். பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் பிசிறு ஆயிலோடு உள்ளே போய்விடும்.

கவரை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கரியைச் சுரண்டி, பிறகு சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு தேயுங்கள். சுத்தமாகிவிட்டதா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. பச்சைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவி நின்றால் ஆயில் போய்விட்டது. துளித்துளியாகத் திரண்டால் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். எஞ்சினுக்குள் சேரும் காற்றையும் ஆவியையும் வெளியே விடும் மூச்சுக்குழாய் கவரில் சேரும் மூலையிலும் மடிப்புகளிலும் ஒளிந்திருக்கும் ஆயில் சூடுபட்டால்தான் வெளியே வரும். ஆகவே பெயிண்டுக்கு முன் கவரை ஹீட் கன்னால் சூடேற்றி, கசிந்து வருவதைத் துடையுங்கள். மண்ணெண்ணெய் ஈரம் முழுவதும் போன பிறகே சூடு காட்டவேண்டும்.

பழைய பெயிண்டைத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்கவேண்டும். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், உலர்ந்த தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. துருவுக்கு எனக்குப் பிடித்தது மின்பகுப்பு. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவைக் கவரிலும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் மாட்டவேண்டும். இரண்டும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரும்பைத் தின்னாமல் துரு மட்டும் இளகி வரும். இரும்புத் துண்டுக்குப் பதிலாக எவர்சில்வரைப் போட்டுவிடாதீர்கள், அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளியாகும் என்பதால் திறந்தவெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். எடுத்தவுடன் கழுவி உலர்த்திப் பிரைமர் அடிக்கவேண்டும். தள்ளிப்போட்டால் புதுத்துரு படிந்துவிடும்.

துருவை எடுக்க மணலைப் பீய்ச்சி அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இடுக்கில் தங்கும் ஒரு சிட்டிகை மணல் பின்னால் பேரிங்கைத் தின்றுவிடும். அதே காரணத்தால் கவரின் உட்புறத்துக்குப் பெயிண்டே கூடாது. சூடான ஆயில் தெறித்துத் தெறித்து அது செதிலாக உரிந்தால் சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியில்) உள்ள வடிகட்டிக்குத்தான் போகும்.

பெயிண்டுக்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. கவரை ஒரு கண்ணாடிப் பலகைமேல் வைத்து விளிம்பு முழுவதும் படிகிறதா என்று பாருங்கள். பல வருடங்கள் நட்டுகளை முறுக்கி முறுக்கித் தகடு வளைந்திருக்கும். மரக்கட்டையை அணைகொடுத்து மெல்லத் தட்டி நேராக்குங்கள். ஆயில் கசிவை நிறுத்துவது இந்த வேலைதான், பெயிண்ட் அல்ல.

600 டிகிரி தாங்கும் சைலன்சர் பெயிண்டைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். வேண்டாம். டேப்பட் கவரின் சூடு 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சைலன்சர் பெயிண்ட் நன்கு சுட்டால்தான் இறுகும், அதுவரை பெட்ரோல் பட்டால் கரையும். எஞ்சின் எனாமல் என்று விற்கும் ஸ்ப்ரே டப்பாவே சரியானது. ஹார்டனர் கலக்கும் இரண்டு டப்பா பாலியூரித்தேன் பெயிண்ட் இன்னும் உறுதிதான், ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலுக்கு மிகக் கெடுதல். வீட்டில் அதை ஸ்ப்ரே செய்ய நான் சொல்லமாட்டேன். மெல்லிய பூச்சுகளாக, டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு அடியுங்கள். மழைநாளில் அடித்தால் வெளிறிப் போகலாம். கடைசிப் பூச்சு உலர்ந்தபின் சில நாட்கள் நல்ல வெயிலில் வையுங்கள், கத்திரி வெயில் கிடைத்தால் இன்னும் நல்லது. சமையல் அடுப்பு வேண்டவே வேண்டாம்.

பவுடர் கோட்டிங்குக்கு 180 முதல் 200 டிகிரி சூடு தேவை. ஒளிந்திருக்கும் ஆயில் அப்போது கொப்புளமாகக் கிளம்பும். அதனால் அங்கே கொடுத்தாலும் சுத்தம் செய்யும் வேலை உங்களுடையதுதான். குரோம் எனக்குப் பிடிக்கவில்லை. உழைத்த வண்டிக்கு அது ஒட்டாத அலங்காரம். நிறம் உங்கள் விருப்பம். நான் வெளிர்சாம்பல் அடித்தேன், ஆயில் கசிந்தால் அன்றே கண்ணில் படும்.

கவரை மாட்டும் முன் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே கையேட்டில் சொன்ன இடைவெளி இருக்கும்படி டேப்பட் அட்ஜஸ்ட் செய்துவிடுங்கள். கார்க் பேக்கிங் புதிதாக இருக்கட்டும். நட்டுகளுக்குச் சுமார் 5 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், பலம் காட்டினால் நேராக்கிய விளிம்பு திரும்பவும் வளையும். முதல் ஓட்டத்தில் பெயிண்ட் வாசனையும் லேசான புகையும் வரும், பயப்படவேண்டாம். வண்டி ஆறியபின் சுற்றிலும் ஒரு வெள்ளைத் தாளை ஓட்டிப் பாருங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் நட்டைக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள்.