இரட்டையர் முரண்: விளக்கங்கள் ஏன் மோதுவதுபோல் தெரிகின்றன?

வணக்கம். இரட்டையரில் ஒருவர் ஒளிவேகத்தை நெருங்கும் வேகத்தில் விண்வெளிக்குச் சென்று திரும்பினால், பூமியிலேயே இருந்தவரைவிட இளமையாக இருப்பார் என்கிறது சார்பியல் கோட்பாடு. அவர் இளமையாகத் திரும்புவதற்கு முடுக்கமே (வேகமோ திசையோ மாறுவதே) காரணம் என்று ஒரு நூலும், முடுக்கத்துக்கு அதில் பங்கில்லை என்று இன்னொரு நூலும் சொல்வதால் குழம்பியதாக எழுதியிருந்தீர்கள். விடையில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. ‘ஏன்’ என்ற கேள்வியைத்தான் வெவ்வேறாகப் புரிந்துகொள்கின்றன.

4 ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீனுக்கு, ஒளிவேகத்தில் 80 விழுக்காட்டில் அக்கா சென்று உடனே திரும்புவதாகக் கொள்வோம். பூமியிலுள்ள தங்கைக்கு 10 ஆண்டுகளும் அக்காவுக்கு 6 ஆண்டுகளும் கழிந்திருக்கும். தொலைநோக்கியில் பூமியின் கடிகாரத்தைப் பார்த்தபடியே அக்கா பயணித்தால், போகும் 3 ஆண்டுகளில் அது 1 ஆண்டும், திரும்பும் 3 ஆண்டுகளில் 9 ஆண்டுகளும் ஓடுவதைக் காண்பார். விலகிச் செல்லும்போது ஒளிச் சைகைகள் இடைவெளி கூடியும், நெருங்கும்போது இடைவெளி குறைந்தும் வந்துசேர்வதை வைத்துச் சொல்வதால், இது டாப்ளர் விளக்கம். ஒளி வந்துசேரும் தாமதத்தைக் கழித்துவிட்டு, ‘பூமியில் இப்போது மணி என்ன’ என்று கணக்கிட்டால், ஒவ்வொரு வழிக்கும் 1.8 ஆண்டுகளே தேறும், எஞ்சிய 6.4 ஆண்டுகள், விண்மீனருகே அவர் திசை திரும்பும் கணத்தில் அவருடைய ‘இப்போது’ என்பதே மாறிவிடுவதால் சேர்கின்றன. முடுக்கத்தைக் காரணமாக்கும் நூல்கள் சுட்டுவது இந்தக் கணத்தைத்தான்.

ஆனால் திரும்பும் விதத்தை மாற்றாமல் தொலைவை மட்டும் இரட்டிப்பாக்கினால், 4 ஆண்டு வேறுபாடு 8 ஆகிவிடும். முடுக்கம் யாருடைய பாதை வளைந்தது என்பதைக் காட்டுகிறது. வயதைத் தீர்மானிப்பது காலவெளியில் (இடமும் காலமும் சேர்ந்த நாற்பரிமாண வெளியில்) அந்தப் பாதையின் நீளம், அதாவது அதன் வழியே செல்லும் கடிகாரம் காட்டும் நேரம். செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் சேமிப்பு வளையத்தில் மிகக் கடுமையான முடுக்கத்துடன் சுற்றிய மியூவான்களின் (விரைவில் சிதைந்துவிடும் நுண்துகள்களின்) ஆயுள் ஏறத்தாழ 29 மடங்கு நீண்டதாக 1977-இல் வெளியான முடிவுகள் காட்டின. அந்த நீட்சிக்கு அவற்றின் வேகம் ஒன்றே போதுமானதாக இருந்தது.