ஃபஸ் பெடலை மிதித்ததும் கிட்டார் காணாமல் போகிறதா?

கேள்வி: வீட்டில் பிக் மஃப் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரு ஃபஸ் பெடல்) போட்டு வாசித்தால் ஜன்னலே அதிர்கிறது. மேடையில் டிரம்ஸ், பாஸ் சேர்ந்ததும் என் லீட் யாருக்கும் கேட்பதில்லை. பெரிய ஆம்ப் வாங்கட்டுமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் பெடலின் டோன் சர்க்யூட் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் உள்ள மிட் (நடு) ஒலியைத்தான் குறைக்கிறது. பேண்டில் கிட்டாருக்கென்று இருக்கும் இடமே அதுதான். அடி ஒலியை பாஸும் கிக் டிரம்மும் விழுங்கிவிடும், மேல் ஒலியை சிம்பல்.

முதலில் பெடலில் ஃபஸ் அளவைக் கூட்டும் சஸ்டெயின் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். அது ஏற ஏற, தந்தியில் பிக் (மீட்டும் தகடு) படும் அந்த 'டக்' நசுங்கிவிடும். காது சுரத்தைப் பிடிப்பதே அதை வைத்துத்தான். பெடல் வால்யூமை டிரம்மர் வாசிக்கும்போது வையுங்கள், ஆஃப் செய்ததைவிட ஒரு படி தூக்கலாக. ஆம்பில் பாஸ் (அடி ஒலி) குமிழைக் குறைத்து மிட்டை ஏற்றுங்கள். போதவில்லையென்றால் ஃபஸ்ஸுக்குப் பின்னால் ஒரு ஈக்யூ பெடல் (அடி, நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது): 800 ஹெர்ட்ஸில் 5 டெசிபல் கூட்டி, 100 ஹெர்ட்ஸில் 4 குறையுங்கள். ட்யூப் ஸ்க்ரீமர் (மிட்டைத் தூக்கும் ஓவர்டிரைவ் பெடல்) கையில் இருந்தால் டிரைவ் பூஜ்யம், லெவல் தாராளம்; அதுவே போதும்.

'பழைய ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டர் போட்டுத் தருகிறேன், மேடையில் பிளந்துகட்டும்' என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் பெடலைக் கொடுத்துவிடாதீர்கள். பிக் மஃப் சிலிக்கானுக்கு வடிவமைத்த சர்க்யூட். மிட்டில் குழி விழுவது டோன் பகுதியில். டிரான்ஸிஸ்டரை மாற்றி அதை நிரப்ப முடியாது. டோன் பகுதியில் ஓரிரண்டு ரெசிஸ்டர், கபாசிட்டர் மாற்றினால் மிட் திரும்பும். அவற்றின் விலை ஒரு டீக்காசுகூட வராது.

ஃபஸ் ஃபேஸ் (இன்னொரு ஃபஸ் பெடல்) வகை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வேறு விதி. அது கிட்டார் பிக்கப்போடு நேராக இணைந்தால்தான் ஒழுங்காக நடந்துகொள்ளும். முன்னால் பாஸ் (Boss) கம்பெனி ட்யூனர் மாதிரி பஃபர் (நடுவே நின்று சிக்னலைத் தாங்கி அனுப்பும் சர்க்யூட்) உள்ள பெடல் எது இருந்தாலும் கிரீச்சிடும். கிட்டார் வால்யூமைக் குறைத்தாலும் ஒலி தெளியாது. ட்யூனரைப் பின்னால் தள்ளுங்கள். வயர்லெஸ் ரிசீவரும் பஃபர்தான்! அதைக் கழற்றிவிட்டு வயரிலேயே வாசியுங்கள்.

கடைசியாக, 'ஆம்புக்கு மைக் இல்ல, லைன்லயே குடுத்துடுங்க' என்று, அதாவது ஸ்பீக்கரை விட்டு நேராக மிக்ஸருக்கு, சவுண்டுக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வடிகட்டிவிடும். அது இல்லாத ஃபஸ் வெறும் இரைச்சல். மைக்கே கிடையாதென்றால் கேப் சிமுலேட்டர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கருவி) வழியாகக் கொடுங்கள். சிறப்பு விருந்தினர் மைக்கை அரை மணி நேரம் 'ஹலோ ஹலோ' சொல்லிப் பார்ப்பார்கள், கிட்டாருக்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் தனியாக வாசித்துக் காட்டாதீர்கள். டிரம்ஸையும் பாஸையும் வாசிக்கச் சொல்லி, ஃபஸ்ஸை மிதித்துக்கொண்டே லெவல் கேளுங்கள்.