ரொறன்ரோ இலையுதிர்காலத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஜக்கெற் வாங்குவது எப்படி?

மானிப்பாயிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் ஓகஸ்ட் கடைசியில் ரொறன்ரோவுக்குப் படிக்கப் போகிறான். "ஸ்காபரோவில் இருக்கிற என் தங்கை, அங்கிருந்து ஒன்றும் சுமந்துகொண்டு வர வேண்டாம், இங்கே எடுக்கலாம் என்கிறாள். இவர், நுவரெலியாவுக்குப் போய் நல்ல மொத்தமான கோட்டு ஒன்று எடுப்போம் என்கிறார். மகனுக்கோ தோல் மாதிரி இருக்கிற கறுப்பு ஜக்கெற்றில்தான் கண். வகுப்புக்கும் போட வேண்டும், வெளியே போகவும் போட வேண்டும், சூடாகவும் இருக்க வேண்டும். இருபதாயிரம் ரூபாய்க்குள் என்ன எடுக்கலாம்?" என்பது அவரது கேள்வி.

தங்கை சொல்வதில் பாதி சரி. வின்ரர் கோட்டை அங்கேதான் வாங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதைத் தேடி அலைவது வீண் வேலை. ஆனால் இலையுதிர்காலத்துக்கான ஜக்கெற் கையோடு போவதுதான் நல்லது. தம்பி போய் இறங்கும் முதல் கிழமைகளில் அறை, வங்கி, கல்லூரிப் பதிவு என்று ஓட்டமாக இருக்கும். கடைக்குப் போக நேரம் கிடைக்கும்போது குளிர் தொடங்கியிருக்கும். கைக்கு அகப்பட்டதை எடுத்துவிடுவான். விலைச்சீட்டில் இருக்கும் தொகைக்கு மேலே ஒன்ராறியோவில் 13 சதவீத வரியும் கட்ட வேண்டும்.

முதலில் குளிர் எவ்வளவு என்று பார்ப்போம். செப்டெம்பர் தொடக்கத்தில் ரொறன்ரோவில் பகலில் 22, 23 பாகை இருக்கும். எங்களுக்கு அது நுவரெலியாவின் மத்தியானம், அங்கே உள்ளவர்களுக்கு ரீசேட் காலம். ஒக்டோபர் நடுவில் பகல் 13, 14 பாகைக்கும் இரவு 6, 7 பாகைக்கும் இறங்கும். நவம்பர் கடைசியில் இரவுகள் பூச்சியத்தைத் தொடும். யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை விடியலில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அரிது. அதற்கே காதை மூடி மப்ளர் கட்டுகிற ஆட்கள் நாங்கள். ஆகவே அங்குள்ளவர்கள் "இந்தக் குளிருக்கு மெல்லிய ஒன்று போதும்" என்று சொன்னால், முதல் வருடத்துக்கு மட்டும் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

இன்னொன்று, காற்று. வெப்பமானியில் 5 பாகை இருக்கும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், உடம்புக்கு அது பூச்சியம் போல இருக்கும். ரொறன்ரோ ஒரு பெரிய ஏரியின் கரையில் இருக்கிற நகரம், காற்றுக்குப் பஞ்சமில்லை. நல்ல தடிப்பான ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் நின்று நடுங்குவதும் இதனால்தான். உடம்பைச் சூடாக வைப்பது துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. வெளிக்காற்று உள்ளே புகுந்து அதைத் தள்ளிவிட்டால் எவ்வளவு தடிப்பாக இருந்தும் பயனில்லை. அதனால் காற்றை மறிக்கிற வெளித்துணி, உள்ளே கொஞ்சம் நிரப்பு, காற்று நுழையாத கழுத்தும் கைநுனியும் அடிவிளிம்பும். இந்த ஒழுங்கில் பாருங்கள்.

இதில் எங்களுக்கு ஒரு விசேடச் சிக்கல் இருக்கிறது. கஸ்தூரியார் வீதியில் ஒரு கடைக்குள் 32 பாகையில் நின்று போட்டுப் பார்த்தால் எந்த ஜக்கெற்றும் சூடாகத்தான் இருக்கும். வேர்த்துக் கொட்டும், "ஆ, இது நல்ல சூடு" என்று வாங்கிவிடுவோம். உண்மையில் வேர்க்க வைத்தது நைலோன் உள்துணியாக இருக்கும். இங்கே உடம்பை நம்ப முடியாது. வாயாலும் கையாலும் கண்ணாலும்தான் சோதிக்க வேண்டும்.

வாயால் செய்யும் சோதனை சுலபம். வெளித்துணியும் உள்துணியும் சேர்ந்த இடத்தை உதட்டோடு வைத்து ஊதுங்கள். ஊதிய காற்று மறுபக்கம் கைக்கு நன்றாகப் படுகிறதென்றால் வீதிக் காற்றும் அப்படியே வரும். வெறும் ஃபிளீஸ் (பஞ்சுபோல மிருதுவான செயற்கை இழைத் துணி) துணியும் பின்னிய ஸ்வெற்றரும் இதில் உடனே தோற்றுப்போகும். நெருக்கமாக நெய்த நைலோன், பொலியெஸ்ரர் துணிகள் பெரும்பாலும் தாங்கும்.

கையால் பார்ப்பது நிரப்பை. முதுகுப் பக்கத்தைப் பிடித்து உள்ளங்கைக்குள் கசக்கி விடுங்கள். உடனே பொங்கி எழும்பினால் நிரப்பு உயிரோடு இருக்கிறது. சப்பென்று கிடந்தால் இரண்டு தரம் கழுவியதும் அது கட்டி கட்டியாகிவிடும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தோள், முழங்கைப் பக்கங்களில் வெளிச்சம் தெளிவாகத் தெரிந்தால் அங்கே நிரப்பு விலகியிருக்கிறது. சில ஜக்கெற்றுகளில் உடம்புப் பகுதிக்கு மட்டும் நிரப்பி, கைகளைச் சும்மா விட்டிருப்பார்கள். விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

என்ன நிரப்பு நல்லது? வாத்து இறகுத் தூவி நிரப்பியவை எடைக்குக் கூடிய சூடு தரும், மடித்தால் கைக்குள் அடங்கும். ஆனால் நனைந்தால் தூவி சுருங்கி ஒட்டிக்கொள்ளும், சூடும் போய்விடும். ரொறன்ரோ ஒக்டோபர் மழையும் தூறலுமான காலம். அதோடு தம்பி விடுமுறைக்கு வரும்போது அதை எங்கள் மாரி ஈரத்தில் அலுமாரிக்குள் வைத்தால் மணக்கத் தொடங்கும். ஆகவே முதல் ஜக்கெற்றுக்கு பொலியெஸ்ரர் இழை நிரப்பியதையே சொல்வேன். நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், வீட்டிலேயே கழுவலாம். சதுர மீட்டருக்கு 60 முதல் 100 கிராம் நிரப்பு இருந்தால் இலையுதிர்காலத்துக்குப் போதும். எல்லாச் சீட்டிலும் இந்த எண் இருக்காது, அப்போது கைச்சோதனைதான்.

இனி அந்தக் கறுப்பு ஜக்கெற். தம்பி கோபித்தாலும் பரவாயில்லை, வேண்டாம். இருபதாயிரத்துக்குள் தோல் என்று வருவது பெரும்பாலும் ரெக்சின், அதாவது துணிமேல் பொலியூரித்தேன் பூசியது. இந்தப் பூச்சுக்கு எதிரி வெக்கையும் காற்றிலுள்ள ஈரமும். இரண்டும் சேர்ந்து அதன் வேதிப்பிணைப்பை மெல்ல மெல்ல உடைக்கும். நாலைந்து வருடத்தில் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் கறுப்புச் செதில் செதிலாக உரியும். போடாமல் பொத்திப் பொத்தி வைத்தாலும் உரியும், எத்தனையோ வீடுகளில் சோபாவும் கைப்பையும் அப்படித்தானே போயின. ரொறன்ரோவில் ஈரம் குறைவுதான், ஆனால் இந்த ஜக்கெற் எங்கள் ஊர்க் கடைக்குள் எத்தனை மாரி பார்த்ததோ யாருக்குத் தெரியும். உள்ளே மெல்லிய உள்துணி மட்டும் இருப்பதால் சூடும் பெரிதாக இல்லை, குளிரில் விறைத்து மடிய மறுக்கும். ஆசையை விட முடியாவிட்டால், அதே இளந்தாரித் தோற்றம் தரும் நைலோன் பொம்பர் ஜக்கெற்றைக் காட்டுங்கள். 1950களில் அமெரிக்க விமானப்படை விமானிகளுக்காக வந்த வடிவம் அது. கழுத்து, கைநுனி, இடுப்பு மூன்றிலும் பின்னல் பட்டி இருப்பதால் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். ஒரே குறை கட்டை. புத்தகப்பையோடு குனிந்தால் முதுகு வெளியே தெரியும், குளிர் அந்த வழியாகத்தான் ஏறும்.

ஜீன்ஸ் துணியில் உள்ளே பஞ்சுபோல ரோமம் வைத்ததும் கடைகளில் நிறையத் தொங்குகிறது. பார்க்க வடிவு. ஆனால் கொட்டன் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், ஒருநாள் நனைந்தால் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். இரண்டாவது ஜக்கெற்றாக வைத்துக்கொள்ளலாம்.

என் தெரிவு இது: இடுப்புக்குக் கீழே நாலு விரல் இறங்குகிற, மினுக்கம் இல்லாத வெளித்துணி கொண்ட, இழை நிரப்பிய ஜக்கெற். நிமிர்ந்து நிற்கும் கழுத்துப் பட்டியும், கழற்றக்கூடிய தலைமூடியும் இருந்தால் வகுப்புக்குள் ஒரு தோற்றம், மழைக்கு ஒரு தோற்றம். நிறம் கடும் நீலம், ஒலிவ் பச்சை, சாம்பல் இவற்றில் எதுவும் சரி. நெஞ்சில் பெரிய எழுத்து வேண்டாம்.

இருபதாயிரத்தையும் ஒன்றிலேயே போட்டுவிடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கை ஜக்கெற்றுக்கு வைத்து, மிச்சத்தில் உள்ளே போட ஒரு மெல்லிய ஃபிளீஸ் மேற்சட்டை எடுங்கள். செப்டெம்பரில் ஃபிளீஸ் தனியே, ஒக்டோபரில் ஜக்கெற் தனியே, நவம்பரில் இரண்டும். அங்கே வகுப்பறை, பஸ், சுரங்க ரயில் எல்லாம் சூடேற்றி வைத்திருப்பார்கள், உள்ளே போனதும் ஒன்றைக் கழற்ற வேண்டி வரும். ஒரே மொத்தக் கோட்டு போட்டவன் வெளியே விறைப்பான், உள்ளே வேர்ப்பான். வேர்த்த உடம்போடு திரும்ப வெளியே வந்தால் இன்னும் மோசம்.

ஸிப் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், ஜக்கெற்றுகள் பெரும்பாலும் சாவது ஸிப்பால்தான். இழுவையின் முதுகைத் திருப்பினால் ஒரு எண் பொறித்திருக்கும். 5 என்றால் மூடிய பற்களின் அகலம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர், ஜக்கெற்றுக்கு அது வேண்டும். 3 என்றால் பாவாடைக்கும் பொக்கெற்றுக்கும் போடுவது. வை.கே.கே. என்ற ஜப்பானியப் பெயர் இருந்தால் நம்பலாம், அந்த நிறுவனத்துக்கு இலங்கையிலேயே தொழிற்சாலை இருக்கிறது. ஆனால் பெயரைப் போலியாகவும் அடிப்பார்கள், ஆகவே பத்துத் தரம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஸிப்புக்குப் பின்னால் மேலிருந்து கீழ்வரை ஒரு துணிப்பட்டி ஓடுகிறதா என்றும் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் பற்களுக்கிடையே காற்று நேராக நெஞ்சில் அடிக்கும்.

அளவு பார்க்கப் போகும்போது தம்பி ஒரு தடித்த சேட்டும் அந்த ஃபிளீஸும் போட்டுக்கொண்டு போகட்டும். வேர்க்கும், பரவாயில்லை. தோள் தையல் தோள் எலும்பின் நுனியில் இருக்க வேண்டும். ஸிப்பைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸில் மேற்கம்பியைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். இடுப்பு வெளியே வந்தாலோ கை மணிக்கட்டுக்கு மேலே ஏறினாலோ ஒரு சைஸ் பெரிதாகப் பாருங்கள். உட்பொக்கெற் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், அதற்குள் பாஸ்போர்ட் முழுதாக இறங்கி ஸிப் பூட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பாஸ்போர்ட் 125 மில்லிமீட்டர் உயரம், சில பொக்கெற்றுகள் அதற்குச் சற்றுக் குறைவாக வெட்டியிருப்பார்கள்.

எங்கே வாங்குவது? யாழ்ப்பாண நகரத்தில் நவீன சந்தைப் பக்கமும் ஆஸ்பத்திரி வீதியிலும் சுற்றினால் கிடைக்கும், ஆனால் தெரிவு குறைவு. கொழும்புக்கு எப்படியும் போக வேண்டியிருக்கும் என்றால் அங்கே பாருங்கள். நுவரெலியாவின் பேல் பசாரில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய குளிருடுப்புகள் நிறைய வரும். ஐயா சொன்னது தவறில்லை, ஆனால் இதற்கென்றே பஸ் ஏறுவதற்கு அது பெரிய இலாபமில்லை, வேறு அலுவலாகப் போனால் பாருங்கள். அங்கே வருவதில் கழித்துவிட்ட உடுப்புகளும் கலந்திருக்கும். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து நீளம் ஒன்றா என்று பாருங்கள். வெயிலில் வைத்து முன்பக்கமும் கையும் ஒரே நிறமா என்று பாருங்கள். கழுத்துச் சீட்டை வெட்டியிருந்தாலும், உள்ளே இடதுபக்கத் தையலில் கழுவும் முறைச் சீட்டு பெரும்பாலும் தப்பியிருக்கும். வெளித்துணி, உள்துணி, நிரப்பு மூன்றும் தனித்தனியே அதில் எழுதியிருக்கும். ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருந்து, சீ.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஐந்து இலக்கம் இருந்தால், அது பெரும்பாலும் கனடாவில் விற்பதற்காகவும் தைத்தது.

கழுவுவதில் எங்கள் பழக்கம் ஆபத்தானது. கல்லில் போட்டு, சவர்க்காரக் கட்டி தேய்த்து, பிரஷ்ஷால் உரஞ்சினால் நீர் ஒட்டாத பூச்சு அன்றைக்கே முடிந்தது. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது, கடினமானது. சவர்க்காரம் முழுதாகப் போகாமல் துணியில் தங்கும், தங்கினால் மழைத்துளி உருண்டோடாமல் ஊறும். கொஞ்சமாகத் திரவச் சவர்க்காரம் விட்டு, நன்றாக அலசி, நிழலில் காயவிடுங்கள். மணத்துக்காகத் துணி மிருதுவாக்கி ஊற்ற வேண்டாம்.

தையல்காரரிடம் கொடுத்துத் திருத்தலாமா என்பதும் வழக்கமாக வரும் கேள்வி. கைநீளம் குறைக்கலாம், ஸிப் மாற்றலாம், தெறி வைக்கலாம். தோளைத் தொட விடாதீர்கள், நிரப்பு உள்ள ஜக்கெற்றில் அதைச் சரியாகச் செய்வது மிகவும் சிரமம். ஊசி போன இடமெல்லாம் மழை ஊறும் ஓட்டை என்பதால் தோளிலும் தலைமூடியிலும் பெயர், கொடி என்று ஒன்றும் தைக்கவும் வேண்டாம். பயண நாளில் ஜக்கெற்றைப் பெட்டிக்குள் வைக்காமல் தம்பி கையிலேயே கொண்டு போகட்டும். கொழும்புக்குப் போகும் ஏ.சி. பஸ்ஸிலேயே அது தேவைப்படும்.