காய்ச்சல் இல்லாமலும் நிமோனியா வரும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அம்மாவுக்கு 78 வயது. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. இலேசான இருமல். நேற்றிரவு என்னைத் தன் தங்கச்சி என்று நினைத்துப் பேசினா. காய்ச்சல் இல்லை. பார்மசியில் அமொக்சிசிலின் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுக்கலாமா?"

வேண்டாம். இன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். எனக்குக் கவலை தருவது இருமல் அல்ல, ஆள் மாறிப் பேசியதுதான். முதியவர்களின் நுரையீரலில் பக்டீரியா தொற்றி நிமோனியா வந்தால் காய்ச்சலும் சளியும் வராமலே போகலாம். திடீர்க் குழப்பம், தடுக்கி விழுதல், பசியின்மை இவையே முதலில் தெரியும். மூட்டுவலிக்குப் பனடோல் போடுகிறவர் என்றால் வருகிற காய்ச்சலும் மறைந்துவிடும். நீரிழிவு இருந்தால் உடனே சுகர் பாருங்கள். அது இறங்கினாலும் இப்படிக் குழம்பும்.

புறப்படுமுன் மணிக்கூட்டை எடுங்கள். அம்மா ஆறுதலாக இருக்கும்போது, அவவுக்குச் சொல்லாமல், வயிறு ஏறி இறங்குவதை முழு நிமிடம் எண்ணுங்கள். (சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சே மாறிவிடும்.) 12 முதல் 20 வரை வழக்கம். 25ஐத் தாண்டினால் தாமதிக்கக்கூடாது. 30 ஆகிவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி 92க்குக் கீழே காட்டினாலோ 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். விரல் குளிர்ந்திருந்தால் கருவி பிழையாகக் காட்டும், தேய்த்துச் சூடாக்கிப் பாருங்கள்.

வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார், எக்ஸ்ரே எடுப்பார். உடலில் நீர் வற்றியிருந்தால் ஆரம்பத்தில் படம் சுத்தமாகவே தெரியலாம்; அதைக் கண்டு நிம்மதியாக வீடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரத்தத்தில் வெள்ளணுக்கள், சீஆர்பீ (உடலில் அழற்சி இருந்தால் ஏறும் ஒரு புரதம்), யூரியா (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) பார்ப்பார்கள். யூரியா எதற்கு என்று பலர் கேட்பார்கள். குழப்பம், மூச்சு வேகம், இரத்த அழுத்தம், வயது ஆகியவற்றோடு அதையும் கூட்டித்தான் வோர்ட்டில் சேர்ப்பதா வீட்டுக்கு அனுப்புவதா என்று தீர்மானிப்போம்.

சளியின் நிறத்தை வைத்து பக்டீரியாவா வைரஸா என்று சொல்ல முடியாது. சளிப் பரிசோதனை கேட்டால் துப்பல் போதாது, ஆழமாக இருமி வருவதைத்தான் கொடுக்க வேண்டும், இயன்றவரை அன்டிபயோட்டிக் தொடங்குமுன். பார்மசி மருந்தை வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் காசநோய்க்கும் பார்க்கச் சொல்லுங்கள். அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் அதற்குப் பணம் இல்லை.

அம்மா தேநீர் குடிக்கும்போது புரைக்கேறுகிறதா என்றும் வைத்தியரிடம் சொல்லுங்கள். உணவு மூச்சுக்குழாயில் இறங்கி வரும் தொற்றுக்கு அதுவே முதல் அறிகுறி. குணமானபின் ஆறு வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, படம் தெளிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.